சிமென்ட் பூசிய நடுகல்

வேங்கிக்காலில் எங்கள் பக்கத்து மனையில் இன்று தளம் போடுகிறார்கள். ஈரச் சிமென்ட் வாசனை சமையலறை வரை வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

எண்பத்தொன்பதில், நாம் இருவரும் வரலாறு எம்.ஏ. முடித்த கையோடு, கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஓர் ஏரிக்கரையில் அந்த நடுகல்லைப் பார்த்தோம். கூலிவேலை செய்யும் ஏழுமலையின் குடும்பம் மட்டும் அதைச் சாத்தன் என்று சொல்லிப் பொங்கல் வைத்துக் கும்பிட்டு வந்தது. நீ கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, மை ஒற்றிப் படி எடுத்தாய். படியையும் கல்லையும் ஒப்பிட்டு இருவரும் எழுத்து எழுத்தாகப் படிக்க வாரக்கணக்கில் ஆனது. மாடுகளை மீட்கப்போய்ச் செத்த மேய்ப்பனின் கல் அது. பெயர் சாத்தன் என்றே இருந்தது. ஏழுமலையிடம் சொன்னபோது அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஊரில் பிரவுசிங் சென்டர் வந்த பிறகுதான் வினை. யாரோ ஒருவர் அது ஒரு படைத்தலைவனின் கல் என்று இணையத்தில் எழுதியிருந்தார். அவன் தங்கள் வம்சம் என்று நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு திரிந்தார்கள்.

"நெட்லயே போட்டிருக்குது மேடம். நீங்க என்னா புதுசா சொல்றீங்க?"

"எழுதினவரு இங்க வந்து பாத்தாராப்பா? கல்லு இங்கதான இருக்குது. வா, படிச்சுக் காட்டறேன்" என்றாய்.

ஒருவரும் வரவில்லை. எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பினாய். 'நீங்கள் சொல்வதற்கு இணையத்தில் ஆதாரம் இருந்தால் அனுப்பவும்' என்று பதில் வந்தது. அதை மறுபடி மறுபடி படித்தாய். சிரிக்கவில்லை.

அடுத்த முறை போனபோது கல்லைச் சுற்றி மேடை எழும்பியிருந்தது. எழுத்தின்மேல் சிமென்ட். நீ மண்டியிட்டு, காயாத சிமென்டை விரலால் சுரண்டினாய். நிலக்காரர் வீட்டு ஆட்கள் இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்து உன்னை அப்புறப்படுத்தினார்கள். தள்ளி நின்றிருந்த ஏழுமலை மெல்லச் சொன்னார்: "விட்டுடுங்கம்மா. நாங்க அவங்க நெலத்துலதான் வேல செய்யணும்."

பஸ்ஸில் நகத்திடுக்கில் ஒட்டிய சிமென்டைக் கிள்ளிக்கொண்டே வந்தாய். ஏற்கெனவே உனக்குக் கிட்னி கெட்டிருந்தது. அதற்குப் பிறகு டயாலிசிஸுக்கு உன்னை இழுத்துக்கொண்டுதான் போனேன். தை பிறப்பதற்குள் போய்விட்டாய்.

நீ எடுத்த படியை நானே இணையத்தில் ஏற்றினேன். தேடினால் படைத்தலைவன் கதைதான் முதலில் வருகிறது.

டவுனுக்கு வந்தால் ஏழுமலை இங்கே வருவார். படிக்கத் தெரியாதவர். கல்லுக்கருகே அவரை இப்போது விடுவதில்லை. வாசலிலேயே நின்று கேட்பார்:

"அந்தம்மா சொன்னது நெஜந்தானுங்களே? சாத்தன்னுதான் இருந்துச்சா?"

"ஆமாங்க. நானும் பாத்தேன்."

தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த எழுத்தைக் கல்லிலேயே பார்த்துப் படித்தவள் இனி நான் ஒருத்திதான்.