கயிற்றின் மேல் போட்ட பழி

அக்கா, இன்று காலை தேயிலை மலையில் பக்கத்து நிரையில் நின்ற பிள்ளையிடமிருந்து தைல வாசனை குப்பென்று வந்தது. "தலவலியா?" என்றேன். "தலையில மாட்டுற கூடைக் கயிறு அழுத்துதுங்க" என்றாள். உடனே உங்கள் ஞாபகம்தான்.

நானும் இரண்டு வருடம் அந்தக் கயிற்றைத்தானே திட்டிக்கொண்டிருந்தேன். தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக் கூடை சுமக்கிறவளுக்கு வேறு என்ன தோன்றும்? லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் அதே வலி, அதே தைலம். ஒருநாள் பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீரில் குனிந்து தலை அலசும்போது கால் மடங்கி விழுந்தேன். தூக்கிவிட்ட நீங்கள், "இன்னைக்கு ஞாயித்துக்கிழம. கூடை எங்கடி இருக்கு?" என்று கேட்டீர்கள்.

ஆஸ்பத்திரியிலும் வெட்கப்பட்டுக்கொண்டு டொக்டரிடம் கயிற்றையே சொன்னேன். நீங்கள் குறுக்கே புகுந்து, குனிந்தால் வலிப்பது, படுத்தால் குறைவது, விழுந்தது எல்லாவற்றையும் சிங்களத்தில் கொட்டித் தீர்த்தீர்கள். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். ஸ்கேன் எடுக்கக் கண்டிக்கு அனுப்பினார். மூளையின் நடுவே சுண்டைக்காய் அளவு நீர்க்கட்டி. அபூர்வமாக வருவதாம். புற்றுநோய் இல்லை, ஆனால் மூளையில் ஊறும் நீர் வடியும் வழியை அடைத்திருந்தது. விட்டால் திடீரென்று உயிர் போகலாம் என்றார்கள்.

"மண்டையத் தொறந்தா ஞாபகம் போயிருமாமே" என்று என் வீட்டுக்காரர் அழுதார். "தொறக்காட்டி ஆளே போயிருவா. நீ கையெழுத்தப் போடுடி" என்றீர்கள். போட்டேன். சின்னத் துளை வழியாகக் கேமராக் குழாயை விட்டு எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும், "நான் யாருடி?" என்று முகத்தருகே குனிந்து கேட்டீர்கள். "என் நெரையில கொழுந்து களவாடுற அக்கா" என்றேன். வார்டே திரும்பிப் பார்க்க அழுதீர்கள்.

அப்படிப்பட்ட நீங்கள், போன வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மல ஏறுனா மூச்சு வாங்காதா?" என்றீர்கள். நானும் சரிதானே என்று பறித்துக்கொண்டே இருந்தேன். அந்த வாரமே மாரடைப்பில் போய்விட்டீர்கள். எனக்கு என்மேல் இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை அக்கா.

அதனால் இன்று அந்தப் பிள்ளையின் கூடையைப் பிடுங்கிக் கீழே வைத்தேன். "அர நாள் பேருதான் விழும், அர நாள் சம்பளந்தான்!" என்று கங்காணி கத்தினார். "எனக்கும் சேத்துப் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு, அவளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன்.

ஒன்றும் இல்லையாம், கண்ணாடி போட்டால் போதுமாம். "இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்று வரும் வழியெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சிரிக்கட்டும் அக்கா. உயிரோடு இருந்து சிரிக்கட்டும்.