மூன்றாவது படுக்கை

உன் மகள் அனுப்பிய அழைப்பிதழ் நேற்றுத் தபாலில் வந்தது. நீ போய்ச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. உன் வேலைகளையெல்லாம் ஒரே கூடத்தில் கண்காட்சியாக வைக்கப்போகிறார்களாம். அட்டையில் அந்தச் செம்புக் கழுத்தணியின் படம். பூதக்கண்ணாடியை எடுத்து இடமிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மற்றவை கறுத்திருக்க, மூன்றாவது தகடு மட்டும் இன்னும் மின்னுகிறது.

எழுபதுகளில் தெற்காவணி மூல வீதி நகைப் பட்டறையில் நாம் பக்கத்துப் பக்கத்து மணையில் உட்கார்ந்தோம். நான் பி.ஏ. முடித்துவிட்டு அப்பாவின் தொழிலுக்கே திரும்பியவன். நீ பத்தாவது தாண்டாதவன். தோடு செய்தால் இரண்டும் ஒரே நிறை, ஒரே வடிவு என்று முதலாளி என் வேலையைத்தான் எடுத்துக் காட்டுவார். உன் தோடுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும். ஆனாலும் வருகிறவர்கள் குனிந்து பார்ப்பது உன் மணையைத்தான். அதை நான் கவனிக்காத நாள் இல்லை.

அமாவாசையன்று நம் ஆட்கள் கருவியைத் தொடமாட்டார்கள். அந்த நாட்களில் நீ சைக்கிளில் கீழக்குயில்குடிக்குப் போய், மலையில் சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகளைப் பார்த்துக்கொண்டு கிடப்பாய். அதிலிருந்து வந்ததுதான் அந்தக் கழுத்தணி. ஏழு செம்புத் தகடுகள், ஏழு படுக்கைகள். சுத்தியல் தழும்புகளை அப்படியே விட்டிருந்தாய். முதலாளி தூக்கிப் பார்த்தார்.

"என்னப்பா இது? அவனியாபுரத்து ஜல்லிக்கட்டுக் காளைக்கா?"

"காளை கேட்டா அதுக்கும் செய்வோம்ணே" என்றாய். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே.

மெட்ராஸில் ஒரு கண்காட்சிக்குத் தேர்வு நடக்கிறது, நேரில் கொண்டுவரவும் என்று உனக்குக் கடிதம் வந்தது. தேர்வானால் பட்டறையை விட்டுவிடுவேன், ஆகாவிட்டால் இனிமேல் செம்பைத் தொடமாட்டேன் என்று என்னிடம் மட்டும் சொன்னாய். நீ புறப்படும் நாள் அமாவாசை. பட்டறைச் சாவி என்னிடம் இருந்தது. டிக்கெட் எடுத்து வருகிறேன் என்று கழுத்தணியை என் பொறுப்பில் விட்டுப் போனாய்.

அதுவரை ஒருமுறைகூட நான் அமாவாசையன்று அரத்தைத் தொட்டதில்லை. அன்று தொட்டேன். மூன்றாவது தகட்டின் தழும்புகளை அராவி மெருகேற்றினேன். திருத்துகிறேன் என்றே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நீ அன்று சுத்தியல் எடுக்கமாட்டாய், ரயிலுக்கு முன் அதைச் சரிசெய்ய வழியில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நீ வந்து கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினாய். மூன்றாவதில் விரல் நின்றது.

"இது மட்டும் என்ன மாப்ள, இம்புட்டு வழவழன்னு இருக்கு?"

"முன்னாடியே அப்படித்தான இருந்துச்சு."

என் விரல்களைப் பார்த்தாய். நகக்கண்ணில் செம்புத் தூள். "சரி, வாரேன்" என்று அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

தேர்வானது. பிறகு நீ பட்டறைக்கு வேலைக்கு வரவில்லை. டெல்லி, வெளிநாடு, எண்பதுகளில் ஆளுயரப் பித்தளைச் சிற்பங்கள். ஒரு வார இதழில் உன் பேட்டியைப் படித்தேன். மூன்றாவது தகடு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டிருந்தார்கள். "ஆறு பேர் தூங்குறாங்க. ஒருத்தனுக்கு மட்டும் தூக்கம் வரலை. புரண்டு புரண்டு கல்லே தேஞ்சிருச்சு" என்றிருந்தாய்.

நீ காட்டிக்கொடுக்கவில்லை என்று நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். என் கெட்ட புத்தியைக்கூட நீ ஒரு வேலைப்பாடாக்கிவிட்டாய். அது எனக்கு எத்தனை வருஷம் உட்கார்ந்தாலும் வராது. அதற்கப்புறம் சிம்மக்கல்லில் எத்தனையோ முறை எதிரே வந்து, "என்ன மாப்ள" என்று தோளில் கை போட்டிருக்கிறாய். நீ கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

கண்காட்சித் திறப்புக் கூட்டத்தில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறாள் உன் மகள். நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றாவது தகட்டில் அரம் போட்டவன் நான்தான் என்று சொல்லலாம். குற்றத்தை ஒப்புக்கொள்ளவா, அந்தக் கழுத்தணியில் என் பங்கைக் கேட்கவா, எதற்காகச் சொல்லத் துடிக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

தினமும் கருவிகளைத் துடைத்து வைப்பவன் நான். அந்த அரத்தை மட்டும் துடைத்ததில்லை. அதன் பல்லிடுக்கில் உன் செம்பு இன்னும் இருக்கிறது, பச்சை பிடித்துப்போய்.