முன்பல் விழுந்த சேதி

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் பெண்ணும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். மனசுக்குத்தான் குறை, போனில் சொன்னால் குட்டி காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

மருத்துவமனை லிஃப்டில் என் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளி விட்டதும் குட்டி வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து, கதவு திறக்கும் மாடியில் எல்லாம் எதிரே இருக்கும் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். எலும்பு முறிவுப் பிரிவு என்று படித்துவிட்டு, ஏன் தாத்தா, எலும்ப முறிக்கிறதுக்குன்னு தனியா ஆள் வெச்சிருக்காங்களா என்றாள், கையில் கட்டோடு நின்றவரே சிரித்துவிட்டார். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வேன், எனக்குத் தெரியாததை இரண்டு பேருமாக டாக்டரிடம் கேட்போம், அப்படித்தான் அவளுக்குப் படிப்பு ஏறியது. இப்போது மூலையில் சாய்ந்து நிற்கிறாள், பலகைப் பக்கம் திரும்புவதே இல்லை.

முன்பல் விழுந்த அன்று அதைத் தீப்பெட்டியில் போட்டு, அம்மாகிட்ட நான்தான் காட்டுவேன், நீ உளறிடாத என்று சத்தியம் வாங்கினாள். நீ கூப்பிட்டதும் திரைக்கு முன்னால் ஆவென்று வாயைத் திறந்தாள். படம் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, என்னடி கொட்டாவி, இன்னைக்குப் படிச்சியா இல்லையா என்றாய். வாயை மூடிக்கொண்டாள். படிச்சேன் என்று மட்டும் சொன்னாள். நான் பேச வந்தேன், என் காலை மிதித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வகுப்பில் வாசிக்கச் சொன்னால் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். என்ன கேட்டாலும் படிச்சேன் மிஸ் என்கிறாளாம். நேற்று உன் போன் அடித்ததும், தாத்தா, படிச்சியா கூப்பிடுது, நான் தூங்கிட்டேன்னு சொல்லிடு என்று அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது, பெற்றவளுக்கு அவள் வைத்திருக்கும் பெயரம்மா அது.

உன்னைக் குறை சொல்லவில்லை, அவளுக்காகத்தான் நீங்கள் இரண்டு பேரும் அங்கே கிடந்து உழைக்கிறீர்கள், கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் முக்கியமானதைக் கேட்கிறாய். அவளுக்கு முக்கியம் வேறாக இருக்கிறது. அடுத்த தடவை படிப்பைப் பற்றிப் பேச்சே எடுக்காதே. வாயைத் திற பார்க்கலாம் என்று கேள், பல் எங்கே விழுந்தது, வலித்ததா என்று கேள், அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தையும் பேசாதே. சீக்கிரம் கேளம்மா, ஈறில் புதுப்பல் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. தீப்பெட்டியைக் குப்பைக்கூடையில் போட்டிருந்தாள், எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருங்கள். பல்லைப் பற்றிக் கேட்க மறந்துவிடாதே.

உன் அப்பா

மேலே எழுதியதை மடித்து மறைத்துவிட்டு, அம்மாவுக்கு நீயும் ஒரு வரி எழுது என்று குட்டியிடம் பேனாவைக் கொடுத்தேன். நெடுநேரம் யோசித்து எழுதியிருக்கிறாள்.

அம்மா நான் படிச்சேன்