மலிவு மேனிஃபோல்டு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா? மாமா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இங்கே பட்டறையில் ஒருவர் தன் குட்டி ஸ்போர்ட்ஸ் காருக்கு வேகம் கூட்டும் டர்போ பொருத்தச் சொல்லி, இன்ஜின் புகை வெளியேறும் மேனிஃபோல்டுக் குழாய் ஒன்றை மலிவாக வாங்கிவந்தார். போல்ட் துளைகள் இன்ஜினோடு சேரவில்லை. அரத்தால் ராவி மாட்டினேன். இன்ஜினை ஓடவிட்டதும் வெல்டிங் விட்டுப் புகை கசிந்தது. எங்கே என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யோவ், கைய எடுய்யா! வேகுது!" என்று ஃபோர்மேன் கத்திய பிறகுதான், இடது கை குழாயில் பட்டிருப்பதைப் பார்த்தேன்.

"வலிக்கலையா?"

"தெரியலண்ணே."

உண்மையிலேயே தெரியவில்லை; உங்களை விட்டு வந்ததிலிருந்து எதுவும் உறைப்பதில்லை. பயப்படாதே, வெறும் கொப்புளம்தான், மருந்து போட்டாயிற்று. வேறு மேனிஃபோல்டு வாங்கிவரச் சொல்லிவிட்டோம்.

போனில் பேசும்போது பிள்ளைகள் சண்டை போட்டால் இனி அதட்டாதே. போடட்டும், கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கூப்பிடுகிறார்கள். வருகிறேன்.