மஞ்சள் மிதவைக்கு இருபத்தைந்து நிமிடம்

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் படகு மோட்டாரின் தலையில் 'நூறு குதிரை சக்தி' என்று ஸ்டிக்கர் ஒட்டினேன். அப்பா கவனிக்கவில்லை. படகுத்துறை மொத்தமும் கவனித்தது. "என்னண்ணே, குதிரைங்க எல்லாம் லீவா?" என்று பக்கத்துப் படகுக்காரர் கேட்ட பிறகுதான் அப்பா குனிந்து பார்த்தார். அதற்குள் நான் மீன் பெட்டிகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டேன்.

உண்மையில் அதற்கு அரைக் கழுதை சக்திகூடத் தேறாது. இந்த ஏரியிலிருந்து குடிதண்ணீர் போவதால் பெட்ரோல் எஞ்சினுக்குத் தடை. எல்லோருக்கும் பேட்டரி மோட்டார்தான். எங்களுடையது காலையில் ஓடும், மதியம் எதிர்க்காற்று வந்தால் யோசிக்கும்.

ஜூன் 4, புதன்

ஏரி அலுவலக அதிகாரி நோட்டீஸ் ஒட்டினார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் எனக்கு அவர் விசில்காரர். போன மாதம் இரண்டு படகுகள் காற்றில் திரும்ப முடியாமல் நின்றதால் புது விதி. ஆழப்பக்கம் போகிற படகுகள் மதியம் இரண்டு மணிக் காற்றில் மஞ்சள் மிதவை வரை போய் இருபத்தைந்து நிமிடத்துக்குள் திரும்பிக் காட்ட வேண்டும். சோதனை பதினேழாம் தேதி. தோற்றால் இன்னொரு முறை, அதிலும் தோற்றால் கரைப்பக்கம்தான்.

கரைப்பக்கம் கிடைப்பது விரல் நீள மீன். அதை நம்பிக் குடும்பம் ஓடாது.

"மறுபடியும் ஐஸ் ஃபேக்டரியா?" என்று அம்மா கேட்டாள். பதினொரு வருடம் அங்கே கட்டி தூக்கியதில் அப்பாவுடைய இரண்டு விரல்களுக்கு இன்னும் சூடு குளிர் தெரியாது.

ஜூன் 6, வெள்ளி

முதல் ஓட்டம். கடிகாரம் என் கையில். முப்பத்தொரு நிமிடம்.

தண்ணீரைத் தள்ளும் விசிறியைக் கழற்றினோம். அடியில் தூண்டில் நரம்பு, நூல்கண்டு மாதிரி சுற்றியிருந்தது. அப்பா முடிச்சுப் போட்டதும் மிச்ச நரம்பைக் கடித்துப் பின்பக்கமே துப்புவார். பின்பக்கம்தான் விசிறி. தன் மோட்டாருக்குத் தானே தூண்டில் போட்டுப் பிடித்திருக்கிறார். இதைச் சொன்னேன். "வாலு," என்று வழக்கம்போலக் காதைத் திருகினார்.

ஜூன் 8, ஞாயிறு

சித்தப்பா வந்தார். வயர்மேன். எங்கள் வீட்டு ஃபேன் சுவிட்சைப் போட்டால் லைட் எரிவது அவர் கைவண்ணம்.

"ரெண்டு பேட்டரிய வரிசையா கோத்துட்டா இருபத்திநாலு வோல்ட்டுண்ணே. பறக்கும்!"

"பன்னெண்டுதான் குடுக்கணும்னு மோட்டார்லயே போட்டிருக்கே, சித்தப்பா."

"எழுதுறவன் பயந்துகிட்டுதான் எழுதுவான்."

"புகை மட்டும் பறக்குமா, மோட்டாருமா?"

"அண்ணே, இவ வாய்க்கு முதல்ல ஃபியூஸ் போடுங்க."

கடைசியில் பன்னிரண்டு வோல்ட் மாறாமல் இரண்டாவது பேட்டரியைப் பக்கத்திலேயே இணைத்தார்கள்.

ஜூன் 9, திங்கள்

முப்பத்திரண்டு. கூடிவிட்டது!

புது பேட்டரி இருபத்திரண்டு கிலோ. பின்பக்கம் இன்னும் தாழ்ந்துவிட்டது. சக்தியை ஏற்றப்போய் எடையை ஏற்றியிருக்கிறோம்.

"ரெண்டு பேட்டரின்னா நேரம் நீளும்ணே," என்றார் சித்தப்பா.

"நேரந்தான்டா நீளுது," என்றார் அப்பா.

பேட்டரியை இறக்கிவிட்டோம். சித்தப்பாவும் இறங்கிக்கொண்டார்.

ஜூன் 11, புதன்

ஓடும்போது வயரைத் தொட்டால் சுடுகிறது. மோட்டாருக்குப் போக வேண்டிய கரண்ட் வழியிலேயே செலவாகிறது. கட்டைவிரல் தடிமனுக்கு வயர் மாற்றினோம். இருபத்தெட்டு நிமிடம் பத்து விநாடி.

ஜூன் 14, சனி

படகைக் கவிழ்த்துப் பாசி சுரண்டினோம். விசிறி காற்றைக் குடிக்கிறது என்று மோட்டாரை நான்கு விரல் கீழே இறக்கினோம்.

இருபத்தேழு நிமிடம் ஐந்து விநாடி.

துறைக்கு வந்ததும் அப்பா கயிற்றைக்கூடக் கட்டாமல் "எவ்ளோ?" என்றார். முழங்கை வரை பாசி. ஒரு பக்கம் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இருபத்திநாலு நாப்பது."

அப்பா பக்கத்துப் படகுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். "குதிரைங்க வேலைக்கு வந்துருச்சுய்யா!" என்று தானே அந்த ஜோக்கையும் சொன்னார்.

நான் யாரையாவது ஏமாற்றினால் பத்து எண்ணிவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவேன். அதுதான் என் முறை. பத்து எண்ணினேன். இருபதும் எண்ணினேன்.

ஜூன் 15, ஞாயிறு

பேட்டரியைப் பின்னாலிருந்து நடுவுக்கு மாற்றலாம் என்று முன்பு பேசியிருந்தோம். "அதான் வந்துருச்சே, போதும்," என்று அப்பா தூங்கப் போய்விட்டார்.

ஜூன் 16, திங்கள்

இன்றும் சொல்லவில்லை. நாளைக்குக் காற்று குறைவாக இருக்கலாம். இருக்கலாம் இல்லையா?

ஜூன் 17, செவ்வாய்

காற்று எப்போதும் போலத்தான். இருபத்தேழு நிமிடம் இருபது விநாடி. விசில்.

அப்பா விசில்காரரின் கடிகாரத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுசோதனை இருபத்திநான்காம் தேதி.

ஜூன் 18, புதன்

சொல்லிவிட்டேன். அவர் மோட்டார் கவ்வியின் திருகை இறுக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எதுக்கு அப்படிச் சொன்ன?"

"உங்க மூஞ்சப் பாத்தேன்ப்பா. சொல்ல வரல."

"என் மூஞ்சி என்ன பண்ணுச்சு?"

எனக்குப் பதில் இல்லாத கேள்வி இதுவரை கணக்கில்தான் வந்திருக்கிறது.

"மூணு நாளு சும்மா தூங்கியிருக்கேன்," என்றார். திட்டியிருந்தால் எழுதுவதற்குக் கொஞ்சம் விஷயம் இருந்திருக்கும்.

பேட்டரியை நடுவுக்கு மாற்றினோம். நேரம் பார்த்தது பக்கத்துப் படகுக்காரர். இருபத்தாறு பதினைந்து.

ஜூன் 20, வெள்ளி

அதே இருபத்தாறு பதினைந்து. மோட்டாரில் இனித் தொட ஒன்றும் மிச்சமில்லை.

அம்மா கரைக்கு வந்திருந்தாள். படகில் ஏறாதவள். அப்பா ஏறி உட்கார்வதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க உக்காந்ததும் பின்னாடி முங்கி முன்னாடி மூக்கத் தூக்கிக்குது. அந்த மூக்குலதான் காத்து அடிக்குது. மோட்டாரத் திட்டி என்ன பண்றது?"

அப்பா தொண்ணூற்றுநான்கு கிலோ. அவர் ஏறினால் படகு இறங்கும். கைப்பிடி பின்னால் இருப்பதால் அவரும் பின்னால்தான் இருந்தாக வேண்டும்.

"அப்ப நீ வந்து முன்னாடி உக்காரு," என்றார் வீம்பாக. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிவிட்டாள். ஐம்பத்தொரு கிலோ. இருபத்தாறு சரியாக.

திரும்பி வந்ததும் அம்மா படகின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாத்தி உக்காருவோமா?" என்றாள் அம்மா.

அம்மா பின்னால் கைப்பிடியில், அப்பா முன்னால் மூக்கில். மிதவைக்குப் போகிற வழியில் பாம்பு மாதிரி நெளிந்தார்கள். அப்பா கத்தியது கரை வரை கேட்டது. இருபத்தைந்து நிமிடம் ஐந்து விநாடி. பாம்பு நேராகப் போயிருந்தால்?

ஜூன் 21, சனி

அம்மாவே அலுவலகத்துக்குப் போய் விசில்காரரிடம் கேட்டாள். நான் கூட இருந்தேன்.

"தாராளமா நீங்க ஓட்டலாம்மா. ஆனா ஓட்டிக் காட்டுறவங்க பேர்லதான் அனுமதி. ஆழப்பக்கம் போனா கைப்பிடி உங்க கையிலதான் இருக்கணும். உங்க வீட்டுக்காரர் பிடிச்சா ரத்து."

அப்பா சாப்பிடும்போது இதைக் கேட்டார். தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு ரெடியா இரு. கைப்பிடிய இழுக்காத, தள்ளு. இழுத்தா நெளியும்."

ஜூன் 23, திங்கள்

அம்மாவின் வலது உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். மூன்று பேரும் மோட்டாரைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்.

ஜூன் 24, செவ்வாய்

இருபத்துநான்கு நிமிடம் முப்பத்தெட்டு விநாடி.

விசில்காரர் அம்மாவிடம் பேனாவை நீட்டினார். அப்பா வழக்கம்போலக் கையை நீட்டி, அப்புறம் அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டார்.

ஜூலை 2, புதன்

பள்ளியில் படிவம் கொடுத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து நிரப்பினேன். அப்பாவும் அம்மாவும் அப்போதுதான் கரையிலிருந்து வந்திருந்தார்கள். ஆறு பெட்டி மீன். கடைசிப் பெட்டியில் இடமில்லாமல் வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

தந்தையின் தொழில்: மீனவர். அதை எழுதிவிட்டுக் கீழே தாயின் தொழிலுக்கு வழக்கம்போல 'இல்லத்தரசி' என்று 'இல்' வரை வந்துவிட்டேன்.

"அத அடி," என்றார் அப்பா. படிவத்தை அவர் பார்ப்பதே எனக்குத் தெரியாது. "படகு ஓட்டுநர்னு போடு."

"அப்ப உங்களுக்கு முன்சீட்டுக்காரர்னு மாத்தவா?"

"வாலு," என்றார். பதினான்கு நாளுக்குப் பிறகு.

உள்ளேயிருந்து அம்மா, "எனக்கு என்னத்த எழுதுறீங்க?" என்று கேட்டாள். நாங்கள் சொல்லவில்லை. 'இல்'லை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன். கட்டம் சின்னது. 'ஓட்டுநர்' பாதிக்கு மேல் வெளியேதான் நிற்கிறது.