அவள் ஊர் மணி

பிப்ரவரி 11

காலையிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். அலுவலகம் வந்து சேர்ந்ததும், அங்கே இப்போது மதியம், சாப்பிட்டு முடித்திருப்பாள் என்று போன் போட்டேன்.

"ஏங்க, இங்க விடியக்கூட இல்ல! ராத்திரி பூரா அழுதுட்டு இப்பதான் கண்ணசந்துது. போனடிச்சு எழுப்பிட்டீங்களே!"

பின்னால் பேத்தி வீல் வீல் என்று கத்துகிறாள். நாலரை மணி நேரத்தைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருக்கிறேன். பஸ் நேரத்தை வைத்துச் சம்பளம் வாங்குகிற ஆள் நான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மகளின் பிரசவத்துக்கென்று போனவள். ஒரே மாதத்தில் வந்துவிடுவேன் என்றுதான் பெட்டியை மூடினாள். இப்போது, "குழந்தைக்குத் தலை நிக்கட்டும்" என்கிறாள்.

பிப்ரவரி 13

மணிக் குழப்பத்துக்கு ஒரு வழி செய்தாயிற்று.

பஸ் நிலையத்துப் போர்டுகளில் அடுத்த பஸ் எது, எந்த மேடை என்று ஓடுவதெல்லாம் எங்கள் அறையில் இருக்கும் சர்வர் சொல்லித்தான். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் பதில் வரும். அதில் என்விரான்மென்ட் வேரியபிள் என்று ஒன்று. ஒரு பெயர், அதற்கொரு மதிப்பு, அவ்வளவுதான். என்ன மொழி, கோப்புகள் எங்கே, எந்த ஊர் மணி என்று புரோகிராம்கள் அதைப் பார்த்துத்தான் நடந்துகொள்ளும். டி.இசட், அதாவது டைம் ஸோன், என்ற வேரியபிளில் அவள் இருக்கும் ஊரைப் போட்டு, இந்த விண்டோவிலிருந்து தொடங்குகிற எல்லாவற்றுக்கும் போகும்படி எக்ஸ்போர்ட் செய்துவிட்டேன். இனி என் விண்டோவில் மணி கேட்டால் அவள் ஊர் மணி. சர்வரின் சொந்தக் கடிகாரத்துக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்து மேசைக்காரன் கேட்டால் அவனுக்கு நம் ஊர் மணிதான் வரும்.

எனக்கு மட்டும் அங்கே விடிகிறது.

பிப்ரவரி 14

நேற்று விண்டோவை மூடியதோடு அது மறந்துபோய்விட்டது. எந்த விண்டோவில் சொன்னோமோ அதோடு சரி. அதனால் தினமும் நான் என் பெயரில் உள்ளே நுழைந்ததும் சர்வர் படிக்கிற கோப்பில் அந்த வரியை எழுதி வைத்தேன்.

பிப்ரவரி 26

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் அங்கே காலை எட்டு. அவள் டீ ஆற்றிக் குடிக்கும் நேரம். திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். நேற்று வைத்த முட்டைக் குழம்புதான், இன்றோடு தீர்ந்தது.

மார்ச் 9

வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. ஃபிரிட்ஜ் மட்டும் அவ்வப்போது உறுமிவிட்டு அடங்குகிறது. துணி காயப்போட்டேன், ஒரே ஒரு ஆளுடைய துணி. கொடியில் பாதிக்கு மேல் காலி. இரண்டு டம்ளரையும் மாற்றி மாற்றிக் கழுவி வைக்கிறேன், ஒன்றையே எடுத்தால் மற்றது தூசி படிந்து போகும் என்று. இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

மைக்கிடம் சொல்லலாம். பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவர், அதனால் அவருக்கு அந்தப் பெயர். நாள் முழுக்க ஊரோடு பேசிவிட்டு டீக்கடையில் என்னோடும் பேசுவார். "சார், ஒரு வார்த்தை 'வா'ன்னு சொன்னா வந்துடப் போறாங்க. இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு" என்றார் இன்று.

மூஞ்சி அப்படியா இருக்கிறது?

மார்ச் 21

தலை நின்றுவிட்டதாம். வீடியோவில் காட்டினாள். பேத்தி என்னை முறைத்தாள். எப்போ டிக்கெட் போடலாம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள், "குப்புற விழறதையும் பார்த்துட்டு வந்துடறேனே" என்றாள்.

சரி என்றேன். இதற்குப் பிறகு தவழ வேண்டும், உட்கார வேண்டும், நிற்க வேண்டும். அப்புறம் பள்ளிக்கூடம் இருக்கிறது.

அவள் எனக்கு வேண்டும். இதை இங்கே எழுதுவதற்கே கை கூசுகிறது. பச்சைக் குழந்தையோடு போட்டி போடுகிற கிழவன் என்று நினைத்துவிட்டால்?

மார்ச் 29

மகள் பேசினாள். முடியைக் கத்தரித்துக்கொண்டிருக்கிறாள், டீ குடிப்பதை விட்டுவிட்டாளாம். எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது.

சர்வரிலும் இப்படித்தான். ஒரு விண்டோவிலிருந்து ஒரு புரோகிராமைத் தொடங்கினால், எக்ஸ்போர்ட் செய்த எல்லா வேரியபிளிலும் ஒரு நகல் அதற்குப் போகும். பெற்றது, பிள்ளை என்றே எங்களுக்குள் சொல்வோம். அதற்கப்புறம் பிள்ளை தன்னிடத்தில் எதை மாற்றிக்கொண்டாலும் பெற்றதுக்குச் சேதி வராது. எக்ஸ்போர்ட் செய்யாததோ பெற்றதோடு தங்கிவிடும், பிள்ளைக்குப் போகவே போகாது. இருபத்தைந்து வருஷமாக இதோடு மாரடிக்கிறேன், இன்றைக்கு என்னமோ சுருக்கென்றது.

ஏப்ரல் 8

மானம் போயிற்று.

மாலை ஐந்தரைக்கு வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் போர்டு புரோகிராமை ஒருமுறை நிறுத்தித் தொடங்கிவிட்டு வந்தேன். வாரம் ஒருதடவை செய்வதுதான். வழக்கமாக அதற்கென்று வேறு பெயரில் நுழைகிற தனி விண்டோவில் செய்வேன். இன்று கைக்கு எட்டிய விண்டோவில் தட்டிவிட்டேன். செருப்பைக் கழற்றக்கூட இல்லை, மைக் போனில் அலறுகிறார்: "சார்! போர்டு பூரா மதிய பஸ் ஓடுது! ஆறு மணி கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நாலரை மணி நேரம் இருக்குன்னு போட்டிருக்கு! அதை நம்பி நாலஞ்சு பேர் கடைவீதிக்குப் போய் பஸ்ஸை விட்டுட்டாங்க. இங்க என்னைக் கிழிக்கறாங்க!"

ஓடினேன். மேனேஜர் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தேன், சரி. நேரப் பட்டியலைப் பார்த்தேன், சரி. எல்லாம் சரியாக இருந்து எப்படித் தப்பாகும்? அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகுதான் ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமின் வேரியபிள்களை எடுத்துத் திரையில் போட்டேன். நடுவில் டி.இசட். அதன் எதிரில் அந்த ஊர்ப் பெயர்.

அட பாவி. என் விண்டோவிலேருந்து பொறந்தது என் மணியைத்தானே எடுத்துக்கும்?

மேனேஜர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இது எந்த ஊர், சார்? நமக்கு அங்க பஸ்ஸே கிடையாதே?"

"என் மனைவி இருக்கற ஊர், மேடம்."

நான் தனி விண்டோவில் மறுபடி தொடங்கினேன். போர்டு சரியானது. பஸ்ஸை விட்டவர்களை மைக் எங்கள் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டார். அதில் ஓர் அம்மா இறங்கி வந்து என்னை நேருக்கு நேராகத் திட்டிவிட்டுப் போய் ஏறிக்கொண்டாள். வீட்டில் பிள்ளைகள் சாவி இல்லாமல் வாசலில் நிற்குமாம். தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் 9

மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். கோபப்பட்டிருந்தால் தேவலை. "அந்த ஊர் மணி உங்களுக்கு வேணும்னா ஒரு விண்டோவுல வச்சுக்குங்க, சார். ஆனா அதுலேருந்து எதையும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றார் மெதுவாக.

மைக்கிடம் அந்த மெதுவெல்லாம் கிடையாது. டீக்கடையில் எல்லார் முன்னாலும், "உங்க வீட்டம்மா நேரத்துக்கு ஒரு பஸ் நிலையத்தையே ஓட்டிக் காட்டிட்டீங்களே, சார்! ஊருக்கே தெரிஞ்சாச்சு. அவங்களுக்கு மட்டும்தான் தெரியாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 12

இன்று நல்ல நேரம் பார்த்துத்தான் கூப்பிட்டேன். அவளே ஆரம்பித்தாள். "நான் இல்லாம நல்லாத்தான் இருக்கீங்க போல. ஒரு நாளாச்சும் வரச் சொல்லியிருக்கீங்களா? மாப்பிள்ளைகூடக் கேக்கறார், மாமா உங்களைத் தேடவே இல்லையான்னு."

போர்டு கதையைச் சொன்னேன். கடைவீதிக்குப் போனவர்கள், மைக், வேன், திட்டிய அம்மா. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு திடீரென்று நிறுத்தினாள்.

"ஏங்க, எதுக்கு இந்த ஊர் மணியை அதுல வச்சீங்க?"

"குழந்தை தூங்கறப்ப போன் பண்ணிடக் கூடாதுன்னுதான்."

"அதுக்கு மட்டுமா?"

"இல்ல. நீ எப்ப எழுந்திருப்ப, எப்ப டீ குடிப்பன்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். நீ இல்லாம முடியலடி. வந்துடேன்."

"சரி, வச்சுடறேன், குழந்தை அழுவுது" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு ஒரு அழுகையும் கேட்கவில்லை.

ஏப்ரல் 14

மகளிடமிருந்து சேதி: "அம்மா டிக்கெட் பார்க்கச் சொல்றாங்க. என்னப்பா சொன்னீங்க?"

பஸ் கதை சொன்னேன் என்று பதில் போட்டேன்.

மே 3

பேத்தி குப்புற விழுந்துவிட்டாளாம். "தவழறதை வீடியோல பார்த்துக்கறேன்" என்றாள் இவள். குரல் கம்மியிருந்தது. எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அந்தக் குரலைக் கேட்ட பிறகு அதை முழுசாகப் பட முடியவில்லை.

மே 8

வந்துவிட்டாள். கொடியில் இடமில்லை.

மே 10

லீவு போட்டிருக்கிறேன். காலை பத்தாகியும் அவள் எழுந்திருக்கவில்லை. உடம்பு இன்னும் அந்த ஊரிலேயே இருக்கிறது. எழுப்பவில்லை, அங்கே மணி ஐந்தரைதானே. சரியாகப் பதினொன்றரைக்கு, அங்கே அவள் எழுந்திருக்கும் ஏழு மணிக்கு, அடுப்பில் டீ வைத்தேன். கொதித்து வரவும் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது.

டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருக்கிறாள். எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஆனாலும் மடியில் எதையோ தேடுகிற மாதிரி கை அலைந்தது. நான் இத்தனை நாள் இருந்த இருப்பு எனக்குத் தெரியும். அதேதான்.

"அங்க இப்ப மணி என்ன இருக்கும்?" என்றாள்.

"ஏழே கால்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கடிகாரத்தையும் பார்த்தாள். நான் எதையும் பார்க்காமல் சொன்னதைக் கவனித்துவிட்டாள்.

"எழுந்திருக்குமோ?"

"இன்னும் கால் மணி நேரம் கழிச்சுப் போன் பண்ணலாம்" என்று என் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

நாளை அலுவலகம் போனதும் அந்த வரியை அழித்துவிட வேண்டும் என்றிருந்தேன். இருக்கட்டும். இப்போது அது எங்கள் இரண்டு பேருக்கும் வேண்டியிருக்கிறது.