நீ ஏறி நிற்காத அலை

இன்று காலை ராயக்கோட்டை சாலையில் நடந்து வந்தபோது ரெசின் வாசனை அடித்தது. கால் தானாக நின்றுவிட்டது. புதிதாக ஒரு கடை போட்டிருக்கிறார்கள். விரிசல் விட்ட தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஒருவன் பிரஷ்ஷால் பூசிக்கொண்டிருந்தான். கடைக்கு மேலே எழுதியிருந்ததைப் படித்தேன். ஃபைபர் தொட்டி பழுது பார்க்கப்படும். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி முடிப்பதற்குள் அவன் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னா வேணும் தாத்தா?"

"ஒண்ணும் வேணாம்பா. படிச்சன்."

அவனுக்குப் புரியவில்லை. முதலில் வரும் மூன்று புள்ளி எழுத்தைக்கூட விடாமல் படித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் பக்கத்தில் திரும்பி உன்னிடம் சொல்லப் போனேன். பக்கத்தில் ஒரு மின்கம்பம்தான் இருந்தது.

அதனால் எழுதுகிறேன். உத்தனப்பள்ளிப் பள்ளிக்கூடத்தில் மதியத்துக்கு மேல் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித் தருகிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், ஆம்பளை நான் ஒருவன். நீ இருந்திருந்தால் வாசலில் நின்று சிரித்திருப்பாய். ஆனால் நீ இருந்திருந்தாலும் இதை உன்னால் படிக்க முடியாது. உனக்குக் கன்னட எழுத்துதான் தெரியும். தமிழ் உன் வாயில் ஏறியது, கண்ணில் ஏறவில்லை. உயிரோடு இருந்தாலும் படிக்க முடியாத ஆளுக்கு, அவன் இல்லாதபோது எழுதுகிறேன். இதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் 'ழ' போடும்போது கை ஒரு சுற்று சுற்றிக் கீழே இறங்குகிறதே, அது எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா? ழ வரும் சொல்லாகத் தேடித் தேடி எழுதுகிறேன். மழை. வாழை. ஏழு.

ஓசூரில் அந்த ஃபைபர் ஷெட்டில் நீ மோல்டில் வேலை செய்தாய், நான் பாரம் ஏற்றி இறக்கினேன். ரெசின் பேரலை நான் உருட்டிக்கொண்டு வந்து உன் பக்கத்தில் நிறுத்துவேன். நீ கெட்டியாக்குகிற மருந்தை மூடி மூடியாக ஊற்றுவாய். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கெட்டுவிடும் என்று கன்னடத்தில் சத்தமாக எண்ணுவாய். ஒந்து, எரடு, மூரு. ஏழாவது மூடிக்கு ஏளு என்று முடிக்கும்போது குரல் உயரும். அந்த ஏளு ஷெட் முழுக்கக் கேட்கும். பையன்கள் திருப்பிக் கத்துவார்கள்.

உன் ஊரைப் பற்றி நீ பேசினால் யாருக்கும் நம்பிக்கை வராது. மலை அப்படியே கடலுக்குள் இறங்கும் என்பாய். இரண்டு கரும்பாறைக்கு நடுவில் ராகி அடிக்கிற களம் அளவுக்கு மணல், சாலை கிடையாது, தலையில் சுமை இருந்தால் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்க வேண்டும் என்பாய். சின்ன வயதில் உடைந்த படகின் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு அலையோடு கரைக்கு வருவாயாம். அப்படி ஒருநாள் எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரன் ஒருவன் ஒரு பலகையில் ஏறி நின்றிருக்கிறான்.

"நின்னான் மாராயா! தண்ணி மேல. பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நின்னான்."

யாரைக் கூப்பிட்டாலும் உனக்கு மாராயாதான். எந்தக் கதை சொன்னாலும் இந்த இடத்தில்தான் வந்து நிற்பாய். "நான் படுத்துதான் வந்திருக்கன். ஒரு தடவ நின்னு வரணும்." ஷெட்டில் உன்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. "அலைதான வேணும்? ஆத்துல நுரை நுரையா வருதே, போய் ஏறு," என்பார்கள். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். "அது அலை இல்ல, உங்க பாக்டரி எச்சி," என்பாய்.

சாப்பாட்டு நேரத்தில் நீயே ஒரு பலகை செய்தாய். முதலில் தெர்மோகோலை வெட்டி அதன்மேல் ரெசினை ஊற்றினாய். அது வெந்நீரில் போட்ட வெல்லம் மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு குழிதான் மிச்சம். நீ அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு குளிர்பதனக் கிடங்குக்குப் போடும் பஃப் ஷீட்டில் கழித்துப்போட்ட துண்டுகளை ஒட்டி, இழைத்து, ஃபைபர் சுற்றினாய். மேலே பூச மிச்சமிருந்தது தண்ணீர்த் தொட்டி நீலம்தான். என் தோளில் வைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அதை உன் வாடகை அறையில் சுவரோரம் நிறுத்தினாய். அதற்குப் பிறகு அது அங்கேயே நின்றது. போகலாம், இந்த வருஷம் போகலாம் என்று தலை நரைத்தது. ஷெட்டை மூடினார்கள். நீ இருமத் தொடங்கினாய்.

உன் தம்பி போனில் அழைத்துச் சொன்னபோதுதான் நீ எழுந்து உட்கார்ந்தாய். அந்தச் சின்ன மணலில் படகு நிறுத்தக் கல் கொட்டப் போகிறார்கள், வேலை ஆரம்பித்துவிட்டது. நீ உடனே என் வீட்டுக்கு வந்தாய். என் வீட்டுக்காரி உனக்குக் களி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"மூச்சு வுட முடியல. கடலுக்குப் போயி இன்னாண்ணா பண்ணப் போறீங்க?"

"நிக்கப் போறன்மா."

"நிக்கிறதுக்கு இங்க எடம் இல்லியா?"

நீ களியை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் செருப்பு மாட்டிக்கொண்டேன்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பலகையைப் பார்த்த கண்டக்டர், "என்னய்யா இது, பொணப்பெட்டி மூடியா?" என்றார். நீ அசரவில்லை. "ஆமா சார், ஆளு பின்னால வர்றாரு," என்று என்னைக் காட்டினாய். பஸ்ஸே சிரித்தது. பெங்களூர் தாண்டியும் நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து, சிரிப்பு இருமலாக மாறி, ஜன்னலோரம் சாய்ந்துகொண்டாய்.

நான் அதுவரை கடல் பார்த்ததில்லை. எனக்குப் பாறை தெரியும். கிருஷ்ணகிரிக்காரனுக்குப் பாறையை யாரும் காட்ட வேண்டியதில்லை. பாறைக்குக் கீழே வயல் இருக்கும், புளியமரம் இருக்கும், ஒரு தார்ச்சாலை இருக்கும். அங்கே பாறைக்குக் கீழே ஒன்றுமே இல்லை. நீலம் நகர்ந்துகொண்டிருந்தது. பலகையைத் தலையில் வைத்து நான் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். நீ சொன்னது எதுவும் பொய் இல்லை.

ஒரு பக்கப் பாறையை ஒட்டி டிப்பர் லாரி வர வழி வெட்டியிருந்தார்கள். கல் சரிந்து விழும்போது காலுக்குக் கீழே அதிர்ந்தது. டிரைவர்களில் ஒருவர் நம் தர்மபுரிக்காரர். என் பேச்சைக் கேட்டதும் இறங்கி வந்தார்.

"பெரிசு, எந்தூரு? இந்த வயசுல இன்னாத்துக்கு இதெல்லாம்? சரி, மதியத்துக்குள்ள ஆடி முடிச்சிக்கங்க. அப்பறம் இந்தப் பக்கம் கொட்டுவோம்."

நீ எனக்கு வேலை சொன்னாய். தண்ணீரில் பலகைமேல் படுத்துக் கரையைப் பார்த்தபடி கையால் துழாவிக்கொண்டிருப்பாய். திரும்பித் திரும்பிப் பார்க்க உனக்கு மூச்சு இல்லை. பின்னால் நல்ல அலை வருவதை நான் பாறை மேல் நின்று பார்த்துக் கத்த வேண்டும். "ஏளுன்னு கத்து. நான் பாத்துக்கறன்." சரி என்றேன்.

பாறை மேல் ஏறி நின்று எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு என்று அலையை எண்ணி, ஏழாவது அலை வந்ததும் உயிர் போகிற மாதிரி "ஏளு!" என்று கத்தினேன். அது முழங்கால் அளவுக்குக்கூட இல்லாத அலை. நீ பலகையை ஊன்றி எழப் பார்த்துக் குப்புற விழுந்தாய். மறுபடியும் எண்ணினேன். மறுபடியும் ஏழாவது, கோழிக்குஞ்சு மாதிரி ஒன்று. நல்ல பெரிய அலையெல்லாம் நாலாவதாகவும் ஐந்தாவதாகவும் வந்து, நான் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, உன் தலைக்கு மேல் போனது. நீ தண்ணீரைத் துப்பிக்கொண்டு கரைக்கு வந்தாய்.

"லே மாராயா! என்ன செய்ற நீ?"

"எண்றன். ஏளுன்னு நீதான சொன்ன?"

நீ அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாய். உங்கள் பேச்சில் ஏழுக்கும் ஏளுதான், எழுந்திரு என்பதற்கும் ஏளுதான். எனக்கு இரண்டும் தெரியும். மாட்டை எழுப்ப, பஸ்ஸில் தூங்குகிறவனை எழுப்ப நானே சொன்ன சொல். ஆனால் வருஷக்கணக்காக மருந்து மூடியை எண்ணும்போது உன் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு, நீ சொன்னால் எனக்கு அது எண்ணாகத்தான் விழுந்தது. "எண்ணச் சொன்னனா? எழுந்துக்கச் சொல்லுடா!" என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். டிப்பர்காரர்களும் சிரித்தார்கள். அவ்வளவு சிரித்த நாள் அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை.

பிறகு நான் சரியாகக் கத்தினேன். அலை தூரத்தில் முதுகைத் தூக்கும்போதே தெரிய ஆரம்பித்தது. எது பெரிசு, எது ஏமாற்றும் என்று தெரிந்தது. "ஏளு!" நீ கையை ஊன்றினாய். நெஞ்சு உயர்ந்தது. முழங்கால் மடங்கி உள்ளே வரவில்லை. விழுந்தாய். "ஏளு!" ஒரு முழங்கால் வந்தது. மற்றது வரவில்லை. விழுந்தாய். டிரைவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். தர்மபுரிக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏளு பெரிசு, ஏளு!" என்று அவரும் கத்தினார். லாரிகள் வரிசையாக நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

கடைசியாக ஒரு அலை வந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோரும் சேர்ந்து கத்தினோம். நீ எழப் பார்க்கவே இல்லை. பலகை மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாய். அலை உன்னை மூட்டை மாதிரி கொண்டுவந்து மணலில் விட்டுவிட்டுப் போனது. சின்ன வயதில் வந்தது போலவே வந்தாய்.

நான் ஓடினேன். நீ கண்ணைத் திறக்க முடியாமல் உப்புத் தண்ணீரோடு, "ஆகல்ல," என்றாய். முடியவில்லை என்று. பிறகு கேட்டாய்: "நடுவுல ஒரு தடவயாச்சும் நின்னேனா? எனக்குத் தெரியல. நீ பாத்தியே?"

"இல்ல," என்றேன்.

கன்னத்தில் ஒட்டிய மணலைத் துடைத்தாய். "சரி. நின்னன்னு சொல்லியிருந்தா உன்ன இங்கயே வுட்டுட்டுப் போயிருப்பன்," என்றாய்.

உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். வாழ்நாளெல்லாம் சுமந்த தோள். நனைந்த துணியோடும் நீ ஒரு தக்காளிக் கூடை கனம்கூட இல்லை. பாதி மலையில் கீழே கல் விழும் சத்தம் கேட்டது. நீ திரும்பிப் பார்க்கச் சொல்லவில்லை. நானும் திரும்பவில்லை.

அடுத்த மழைக்கு முன்னால் நீ போய்விட்டாய். ஓசூரிலேயே எரித்தோம். பலகை என் வீட்டுப் பின்னால் கிடக்கிறது. என் வீட்டுக்காரி அதன்மேல் மிளகாய் காயப்போடுகிறாள். நீ தவறாக நினைக்க மாட்டாய் என்று சொல்லிவிட்டேன். உன் தம்பியிடம் ஒருமுறை போனில் கேட்டேன், அங்கே எப்படி இருக்கிறது என்று. "அலையே இல்லண்ணா. கல்லு போட்டதுக்கு அப்பறம் தண்ணி ஏரி மாதிரி அப்படியே நிக்குது," என்றான். நீ நிற்க முடியாத இடத்தில் கடல் நிற்கிறது. இனி யார் போனாலும் ஒன்றும் இல்லை. அங்கே போய்ப் பார்க்கலாம் என்று நினைத்ததுண்டு. அங்கே எல்லா எழுத்தும் கன்னடம். நான் இவ்வளவு பாடுபட்டுப் படித்தது அங்கே செல்லாது.

வகுப்பில் ஒருநாள் டீச்சரம்மா எழு, எழுது, எழுத்து என்று வரிசையாக எழுதினார். பெண்கள் எல்லோரும் சத்தமாகப் படித்தார்கள். நான் மட்டும் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். பிறகு ஆளுக்கு ஒரு வரி, யாராவது ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார். நான் உன்னைப் பற்றி எழுதினேன். 'அவன் அலையில் நிற்கவில்லை.' அவர் படித்துவிட்டு, "எழுத்துப் பிழையே இல்லீங்க ஐயா. ஆனா, நின்றான்னு எழுதுனா படிக்கச் சந்தோஷமா இருக்குமே," என்றார். நல்ல பெண். அவருக்கு என்ன தெரியும்?

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நீ நின்றாய். சின்னச் சொல், கை வலிக்கவே இல்லை. எவ்வளவு அழகாக இருந்தது! எழுதினால் இல்லை என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? டிரைவர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். அலையும் இல்லை. எழுத்து எதிர்த்துப் பேசாது என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். நான் பாரம் தூக்கிய மாதிரிதான், எதை ஏற்றினாலும் சுமக்கிறது. வெகுநேரம் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அடித்துவிட்டேன். கீழே மறுபடியும் எழுதினேன், நிறுத்தி நிறுத்தி, ஒரு எழுத்தும் விடாமல். நீ நிற்கவில்லை. நீ கேட்டால் இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.